பந்தயக் கார் செய்த கரிவரதன்

காஞ்சிபுரத்தாருக்குக் கரிவரதன் என்ற பெயர் புதிதல்ல. கரி என்றால் யானை. யானைக்கு வரம் தந்த வரதர் அல்லவா நம் ஊர்ப் பெருமாள்!

அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு கோவைக்காரர் கார்ப் பந்தயத்தில் புகழ் பெற்றார்.

அவர் பிறந்தது 1954-ல். லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை. பணத்துக்குக் குறைவில்லை. மனமோ கார்களையே சுற்றி வந்தது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அப்போது பந்தயம் நடக்கும். அது உலகப் போர்க்கால விமானத்தளம். அங்கே காரைப் பறக்கவிட்டவர்களில் கரிவரதனும் ஒருவர்.

ஆனால் பந்தயக் கார் யானை விலை. மற்ற இளைஞர்கள் என்ன செய்வார்கள்?

1988-ல் கரிவரதன் வழி கண்டார். மாருதி 800 காரின் சின்ன எஞ்சினை எடுத்தார். ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி கட்டினார். கூரை கிடையாது. சக்கரங்கள் வெளியே தெரியும். 'பார்முலா மாருதி' என்று பெயர். எல்லோருக்கும் ஒரே எஞ்சின். ஆகவே ஓட்டுகிறவன் கெட்டிக்காரத்தனம்தான் ஜெயிக்க வேண்டும்!

நாம் சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வருகிறதே, அங்குள்ள பந்தயத் தளத்தில் இந்த வண்டிகள் ஓடின. கோவைச் சிறுவன் நரேன் கார்த்திகேயன் முதலில் போட்டியிட்டதும் பார்முலா மாருதியில்தான்.

1995-ல் கரிவரதன் சிறிய ரக விமானத்தில் பறந்தார். அது விழுந்து நொறுங்கியது. உயிர் போய்விட்டது. நாற்பதை ஒட்டிய வயது.

2003-ல் கோவை செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2005-ல் நரேன், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்கக் கரிவரதன் இல்லை.