செருப்பு வாங்கப் போனவர் சிறைக்குப் போனார்

1846-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் குடிசை போட்டுத் தனியாக வசித்து வந்த ஒரு வாலிபர், தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கிப் போக ஊருக்குள் வந்தார். அவருக்கு வயது 29.

ஊர்க் காவலர் சாம் ஸ்டேப்பிள்ஸ் அவரை நிறுத்தினார். வரி வசூலிப்பதும், சிறையைக் கவனிப்பதும் அந்தக் காவலரின் பொறுப்பு. இருவரும் பழகியவர்கள்தான். தலைவரி பல வருடமாகப் பாக்கி நிற்கிறதே என்றார் காவலர். கையில் பணம் இல்லாவிட்டால் தானே கட்டிவிடுவதாகவும் சொன்னார். பணம் இல்லாத குறை இல்லை, கட்டக் கூடாது என்றுதான் கட்டவில்லை என்றார் வாலிபர். அப்படியானால் சிறைக்குப் போக வேண்டியதுதான் என்றார் காவலர். வாலிபர் மறுபேச்சுப் பேசாமல் கூடவே நடந்தார்.

அவர்தான் ஹென்றி டேவிட் தோரோ. அவர் சிறையில் இருந்தது ஒரே ஓர் இரவு. ஆனால் அந்த இரவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை கடல் கடந்து போய், காந்தியடிகள் கைக்கும் வந்து சேர்ந்தது.

பிரம்பு பிடிக்காத வாத்தியார்

தோரோ 1817 ஜூலை 12-ந் தேதி கான்கார்டில் பிறந்தார். தந்தை பென்சில் செய்து விற்பவர். வசதியான குடும்பம் அல்ல. சிரமப்பட்டு மகனை ஹார்வர்டு கல்லூரியில் படிக்க வைத்தார்கள். 1837-ல் படிப்பு முடிந்தது. அந்த ஆண்டு நாடெங்கும் பணமுடை. வேலை கிடைப்பதே அரிது. அப்படிப்பட்ட நேரத்தில் தோரோவுக்குச் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியர் வேலை கிடைத்தது.

பிள்ளைகளை அடிக்காமலே பாடம் நடத்தினார். பள்ளிக் குழுவைச் சேர்ந்த ஒருவர், அடித்தால்தான் பள்ளிக்கூடம் உருப்படும் என்று வற்புறுத்தினார். தோரோ சில வாரங்களிலேயே வேலையை விட்டுவிட்டார்.

பிறகு அண்ணன் ஜானுடன் சேர்ந்து சொந்தமாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே பிரம்புக்கு இடமில்லை. ஜான் 1842-ல் சவரக் கத்தி கீறிய சிறு காயத்தால் வில்வாதம் கண்டு இறந்தார். அண்ணனின் மறைவு தம்பியை வெகு காலம் வாட்டியது.

தந்தையின் தொழிலிலும் தோரோ கை வைத்தார். காரீயத் தூளை நன்றாக அரைத்துக் களிமண்ணுடன் கலந்து சுடும் முறையைச் சீர்படுத்தினார். தோரோ குடும்பத்துப் பென்சிலுக்கு நல்ல பெயர் ஏற்பட்டது. அதை வைத்துப் பணம் சேர்க்கும் எண்ணம் அவருக்கு வரவில்லை. நிலம் அளக்கும் வேலையையும் கற்றுக்கொண்டு, வேண்டியபோது அதைச் செய்து பிழைத்தார்.

ரெயில் தொழிலாளியின் குடிசை

கான்கார்டில் வசித்த எழுத்தாளர் எமர்சன், தோரோவுக்கு மூத்த நண்பர். வால்டன் ஏரிக்கரையில் எமர்சனுக்கு நிலம் இருந்தது. 1845-ல் தோரோ அங்கே வீடு கட்டத் தொடங்கினார். அருகே ரெயில் பாதை வேலைக்காக வந்திருந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு வாங்கிப் பிரித்தார். அந்தப் பலகைகளை வண்டியில் ஏற்றி வந்து, வெயிலில் காய வைத்து, தானே வீட்டைக் கட்டினார்.

ஆணி, சுண்ணாம்பு, ஜன்னல் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அரை சென்டையும் விடாமல் கணக்கு எழுதியிருக்கிறார்! அவரை பயிரிட்டு முதல் வருடம் கண்ட லாபம் 8 டாலர் 71½ சென்ட்.

1845 ஜூலை 4-ந் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அந்த வீட்டில் குடியேறினார். 2 வருடம், 2 மாதம், 2 நாள் அங்கே வசித்தார். உலகத்தை வெறுத்துப் போன சன்னியாசி அல்ல அவர். அடிக்கடி ஊருக்குள் வருவார், பெற்றோர் வீட்டில் சாப்பிடுவார், வந்தவர்களை உபசரிப்பார். மனிதனுக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று பார்க்கத்தான் போனார். வருடத்தில் சுமார் 6 வாரம் உழைத்தால் தன் செலவுக்குப் போதும் என்று கண்டார். மீதி நாளெல்லாம் அவருக்குச் சொந்தம்.

இந்தக் கணக்குக்கும் சிறைக்கும் தொடர்பு உண்டு. சொத்தும் செலவும் பெருகப் பெருக, அரசாங்கத்திடம் பயமும் பெருகும். தேவை சுருங்கியவனிடமிருந்து பறிக்க என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவனுக்கு எளிதாக வரும். தோரோவின் துணிச்சலுக்கு அவருடைய சிக்கனம்தான் அஸ்திவாரம்.

யாருக்காக இந்தப் போர்?

1845-ல் அமெரிக்கா டெக்சாஸைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டு, இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய எல்லைப் பகுதிக்கு ஜனாதிபதி போல்க் படையை அனுப்பினார். மோதல் ஏற்பட்டது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டதாகச் சொல்லி, மே மாதம் மெக்சிகோ மீது போர் அறிவிக்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 14 பேர்தான். செனட்டில் இரண்டே பேர்.

பிற நாட்டு விவகாரங்களில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1796-ல் விடைபெறும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரை நூற்றாண்டுக்குள் அது காற்றில் பறந்தது. ரத்தம் சிந்திய இடம் எது, அது யாருடைய மண் என்று 1847-ன் கடைசியில் சபையில் கேட்டவர், புதிதாக உறுப்பினரான ஆபிரகாம் லிங்கன். போர் 1848-ல் முடிந்தது. மெக்சிகோ டெக்சாஸையும் சேர்த்துத் தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. சுமார் 13 ஆயிரம் அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது நோயால்.

புதிய நிலத்தில் அடிமை முறையைப் பரப்பவே இந்தப் போர் என்று வட மாநிலங்களில் பலர் கருதினார்கள். தோரோவும் அப்படியே நினைத்தார். அவர் கட்டாமல் விட்ட தலைவரி நேராகப் போர்ச் செலவுக்குப் போகும் பணம் அல்ல. போர் வருவதற்குச் சில வருடம் முன்பிருந்தே அவர் அதைக் கட்டவில்லை. மனிதனை மனிதன் விற்பதற்குக் காவல் நிற்கும் அரசுக்கும், அண்டை நாட்டின் மீது பாயும் அரசுக்கும் தன் கையால் ஆதரவு தரக் கூடாது என்பதே அவர் வாதம். ஆனால் சாலை வரியைக் கட்டி வந்தார். நல்ல அண்டை அயலானாக இருக்க விரும்புவதே அதற்குக் காரணம் என்றார்.

சிறையில் அவருடன் இருந்தவர், ஒரு களஞ்சியத்துக்குத் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்குக் காத்திருந்தவர். இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே யாரோ வந்து தோரோவின் வரியைக் கட்டிவிட்டார்கள். அவருடைய அத்தையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. காலையில் வெளியே போகச் சொன்னபோது தோரோவுக்குக் கோபமே வந்தது. பிறகு தைத்த செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு, நண்பர்களோடு காட்டுப் பழம் பறிக்கக் குன்றுக்குப் போய்விட்டார்.

ஸ்டேஷனில் ஒரு போலீஸ்

1848-ல் ஊர்ச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். 1849-ல் அது கட்டுரையாக வெளிவந்தது. அரசு குடிமகனின் வாழ்வில் எவ்வளவு குறைவாகத் தலையிடுகிறதோ அவ்வளவு நல்லது; பெரும்பான்மை சொல்வதாலேயே ஒன்று நியாயம் ஆகிவிடாது; மனசாட்சியைச் சட்டத்திடம் அடகு வைக்கக் கூடாது. இதுதான் கட்டுரையின் சாரம். அன்று அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அதே ஆண்டு அவர் வெளியிட்ட முதல் புத்தகமும் விற்கவில்லை. 1,000 பிரதிகளில் 706 பிரதிகள் வீட்டுக்கே திரும்பி வந்தன!

1850-ல் வந்த சட்டப்படி, தப்பி வந்த அடிமைக்கு உதவுவது குற்றம். மறு ஆண்டு வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் தோரோவின் குடும்பத்தில் அடைக்கலம் புகுந்தார். அவருக்கு டிக்கெட் வாங்க ரெயில் நிலையத்துக்குப் போன தோரோ, அங்கே நின்ற ஆள் பாஸ்டன் போலீஸ்காரர் போலத் தோன்றவே, வாங்காமல் திரும்பிவிட்டார். பிறகு சமயம் பார்த்துக் கனடா போக ரெயில் ஏற்றி அனுப்பினார். வரி கட்டாமல் இருப்பதைவிட இது பெரிய ஆபத்து.

1859-ல் அடிமை முறையை ஒழிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனையும் பகிரங்கமாக ஆதரித்துப் பேசினார். எனவே அவர் முழு அகிம்சைவாதி என்று சொல்வதற்கில்லை.

சென்னைக்கு வந்த பனிக்கட்டி

அந்தக் காலத்தில் அவர் வாழ்ந்த பகுதியின் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கல்கத்தா, பம்பாய், சென்னைக்கு அனுப்பி வந்தார்கள். அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான், இன்று சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. 1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியிலும் பனி வெட்டினார்கள். காலையில் பகவத் கீதை படித்த தோரோ, தன் ஏரித் தண்ணீரைச் சென்னைவாசிகள் குடிப்பார்கள் என்று எண்ணி மகிழ்ந்தார்.

காச நோய் அவரை 1862 மே 6-ந் தேதி கொண்டுபோனது. அப்போது வயது 44. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1907-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் தம் இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதினார். சத்தியாக்கிரக எண்ணம் தோரோவிடமிருந்து வந்ததல்ல என்று பின்னாளில் காந்தியடிகளே விளக்கியிருக்கிறார். என்றாலும், தாம் நடந்த வழியில் முன்பே ஒருவர் நடந்திருக்கிறார் என்பது அவருக்குப் பலம் தந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கல்லூரியில் படிக்கும்போதே அக்கட்டுரையைப் படித்துப் பரவசப்பட்டார்.

பிள்ளை குட்டியோடு மாதச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்குத் தோரோவின் வழி எளிதல்ல. தன்னைப் போலவே எல்லோரும் வாழ வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை. நடக்கிற சாலைக்குக் காசு கொடு, பிறருக்குச் செய்யும் அநியாயத்துக்குக் கை கொடுக்காதே என்பதுதான் அவர் போட்ட கணக்கு. பதவியும் படையும் இல்லாத ஒரு தனி மனிதன் அப்படிக் கணக்குப் பார்த்ததற்குக் கொடுத்த விலை ஓர் இரவுத் தூக்கம்.