சி. நாராயணசாமி நாயுடு

சி. நாராயணசாமி நாயுடு (பெப்ரவரி 6, 1925 – திசம்பர் 21, 1984) தமிழக விவசாயிகள் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரும் அதன் தலைவரும் ஆவார். உழவர் பெருந்தலைவர் என அழைக்கப்பட்டார். கோவை மாவட்டத்து வையம்பாளையத்தில் பிறந்த இவர், கரிசல் பூமியின் தலைநகர் போன்ற கோவில்பட்டியில் மறைந்தார்.

பின்னணி

விசயநகரப் பேரரசு, மதுரை நாயக்கர் ஆட்சி ஆகியவற்றின் காலத்தில் தெலுங்கு பேசும் வேளாண் குடும்பங்கள் பல தெற்கு நோக்கி வந்தன. நெல் விளையும் ஆற்றுப்படுகைகளில் முன்னரே குடிகள் நிறைந்திருந்தமையால், அவற்றுள் பல கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசல் காடுகளிலும் கொங்கு நாட்டின் வறண்ட நிலங்களிலும் குடியேறின. முள்காட்டை அழித்துக் கழனியாக்கிய இக்குடியேற்றத்தையே கி. ராசநாராயணனின் கோபல்ல கிராமம் (1976) புதினம் கதையாக்குகிறது. நாராயணசாமி நாயுடுவும் இத்தகைய குடும்பம் ஒன்றில் பிறந்தவரே.

இரு பகுதிகளின் வேளாண்மையும் வேறுபட்டது. கொங்கு உழவர் ஆழ்கிணறு வெட்டி மின் இறைவைப்பொறி பொருத்தினர். கரிசலிலோ கிணறுகள் குறைவு. பல இடங்களில் நீர் உவர்ப்பு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் ஆகியவற்றை மானாவாரியாக விதைத்தனர். கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் காக்கும். ஆயினும் மழை ஒருமுறை பொய்த்தால் விதையும் கூலியும் கடனாக நிற்கும்.

போராட்டங்கள்

1970 இல் வேளாண் மின்கட்டணம் அலகு ஒன்றுக்கு 8 காசிலிருந்து 10 காசாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தனர். சூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் மாண்டனர். பின்னர் உயர்வில் ஒரு காசு குறைக்கப்பட்டது. ஒரு காசு அற்பத் தொகையாகத் தோன்றலாம். ஆனால் இரவு பகலாக நீர் இறைப்பவனுக்கு அது ஆண்டுக் கணக்கில் பெருந்தொகை.

1972 இல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோவை நகரின் வீதிகளை அடைத்து நின்றன. நகரம் முடங்கியது. இப்போராட்டமே நாராயணசாமி நாயுடுவை நாடறியச் செய்தது எனலாம். அவ்வாண்டு சூலை 5 ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் உயிரிழந்தோருள் கரிசல் பகுதியினரும் இருந்தனர். அந்நாளை உழவர் அமைப்புகள் ஆண்டுதோறும் நினைவு கூர்கின்றன.

1973 இல் சங்கம் மாநில அளவில் அமைக்கப்பட்டது. மின்கட்டணம் மட்டுமே கோரிக்கையாக இருந்திருப்பின், இறைவைப்பொறி இல்லாத கரிசல் உழவன் இதில் சேர்ந்திருக்கமாட்டான். கடன் தள்ளுபடி, விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை, சப்தி நடவடிக்கைக்கு எதிர்ப்பு ஆகியவற்றை முன்வைத்ததாலேயே சங்கம் இப்பகுதியில் வேரூன்றியது. கூட்டுறவுக் கடனுக்காக வீட்டுப் பாத்திரங்களையும் கதவுகளையும் எடுத்துச் செல்வது அக்காலத்தில் நடந்த ஒன்று. இதற்கு எதிராக, முன் அனுமதியின்றி அதிகாரிகள் ஊருக்குள் நுழையக்கூடாது என்னும் அறிவிப்புப் பலகைகள் ஊர் எல்லைகளில் நடப்பட்டன.

1980 திசம்பரில் கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள குறிஞ்சாக்குளத்தில் மீண்டும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து உழவர்கள் உயிரிழந்தனர். அதே காலப்பகுதியில் மகாராட்டிரத்தில் சரத் சோசியும் கருநாடகத்தில் நஞ்சுண்டசாமியும் உழவர் இயக்கங்களை நடத்தி வந்தனர்.

அரசியலும் மறைவும்

கட்சிகளுக்கு அப்பால் நின்றதே சங்கத்தின் வலிமையாக இருந்தது. எல்லாக் கட்சி உழவர்களும் அதில் ஒன்றாக அமர முடிந்தது. 1982 இல் நாராயணசாமி நாயுடு இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சியைத் தொடங்கினார். போராட்டத்தில் உடன் நின்ற உழவர்கள் வாக்களிக்கையில் தத்தம் பழைய கட்சிகளுக்கே திரும்பினர். சங்கத்தின் ஒற்றுமையும் தளர்ந்தது.

1984 திசம்பர் 24 அன்று சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் ஒருங்கே தேர்தல் நடைபெறவிருந்தது. அதற்கான பரப்புரைக்குக் கோவில்பட்டிக்கு வந்திருந்த நாராயணசாமி நாயுடு, வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு அங்குள்ள பயணியர் விடுதியில் மாரடைப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 59.

அவருக்குப் பின் சங்கம் பல பிரிவுகளாக உடைந்தது. 1990 இல், மு. கருணாநிதி தலைமையிலான அரசு உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் வழங்கியது. 1970, 1972 போராட்டங்களின்போது முதலமைச்சராக இருந்தவரும் அவரே. வையம்பாளையத்தில் நாராயணசாமி நாயுடுவுக்கு மணிமண்டபம் அமைக்கப்பட்டுள்ளது.