கல்லான இருதயமும் கரையும்



நம்ம ஜெபக் குறிப்புகளைப் பார்த்தால் பலர் ஒரே பெயரைத்தான் வருஷக்கணக்காக எழுதி வருகிறார்கள். குடிக்கிற கணவன், வேதத்தைக் கண்டாலே எரிந்து விழுகிற மகன், வாசற்படி ஏறவிடாத தகப்பன். இனி இந்த ஆள் திருந்தவே மாட்டார் என்று சிலர் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த மாதம் சாது சுந்தர்சிங்கின் வாழ்க்கையைப் பார்க்கிறோம்.

1889 செப்டம்பர் 3ந் தேதி பஞ்சாபிலுள்ள ராம்பூர் கிராமத்தில், வசதியான சீக்கியக் குடும்பத்தில் சுந்தர் பிறந்தார். தகப்பன் பெயர் ஷேர்சிங். தாயார் பக்தியுள்ளவர். மெய்யான சமாதானத்தைத் தேட வேண்டும் என்று சின்ன வயசிலேயே மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். சுந்தருக்கு 14 வயசு நடக்கையில் அந்தத் தாயார் மரித்துப்போனார். பிள்ளையின் மனசு கசந்துபோச்சு.

ஊரிலிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடம் உண்டு. சுந்தருக்கு அது ஆகவே ஆகாது. சுவிசேஷகர்மேல் சேற்றையும் கல்லையும் எறிந்தான். 1904 டிசம்பர் 16ந் தேதி, தகப்பன் கண்ணெதிரே வேதாகமத்தைக் கிழித்து நெருப்பில் போட்டான். இதைவிடக் கடினமான இருதயம் உண்டா?

ஆனால் எரித்த பிறகும் அவனுக்குச் சமாதானமில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து, குளிர்ந்த தண்ணீரில் குளித்து, கடவுள் ஒருவர் இருந்தால் தனக்கு வெளிப்பட வேண்டும் என்று ஜெபித்தான். வெளிப்படாவிட்டால் காலை 5 மணி ரயிலுக்கு முன் தலை வைப்பதென்று தீர்மானம். அந்த இருட்டில் அறை முழுவதும் ஒளி வீசிற்று. அவன் எதிர்பார்க்காத இயேசு, ஆணித் தழும்புள்ள கரங்களோடு நின்றார். தமஸ்கு வழியில் சவுல் விழுந்ததுபோல அவனும் விழுந்தான். எழுந்தபோது வேறு மனுஷன்!

இப்போது கடினப்பட்டது வீடு. தகப்பன் கெஞ்சினார், மிரட்டினார், கடைசியில் வீட்டை விட்டே தள்ளினார். புறப்பட்ட அன்று சாப்பாட்டில் விஷம் வைக்கப்பட்டதாகவும், சாகும் தறுவாயிலிருந்து கர்த்தர் தப்புவித்ததாகவும் அவர் வரலாறு சொல்லுகிறது. 1905 செப்டம்பர் 3ந் தேதி, தம் 16வது பிறந்தநாளில், சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதமே காவி உடுத்து, வெறுங்காலோடு ஊழியத்துக்குப் புறப்பட்டார். 1908ல் திபெத்துக்குப் போனார்.

ஒருமுறை வீட்டுக்குப் போனபோது தகப்பன் அவரைத் தள்ளி உட்காரவைத்து, பாத்திரம் தீட்டுப்படக் கூடாதென்று உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றினார். பெற்ற தகப்பன்! சுந்தர் சண்டை போடவில்லை. அழுதார், ஆனால் நன்றி சொல்லி விட்டுப் போனார்.

1918ல் அவர் சென்னைக்கும் திருவாங்கூருக்கும் இலங்கைக்கும் வந்து பிரசங்கித்தபோது ஜனங்கள் திரள்திரளாய்க் கூடினார்கள். அப்போதும் சொந்தத் தகப்பன் இரட்சிக்கப்படவில்லை. மறுவருஷம், 1919ல், ஷேர்சிங் இயேசுவை ஏற்றுக்கொண்டார். மகனைத் துரத்தினவரே, 1920ல் மகன் இங்கிலாந்துக்கு ஊழியத்துக்குப் போகக் கப்பல் செலவைக் கொடுத்தார்!

மகன் மாற மூன்று நாள். தகப்பன் மாற ஏறக்குறைய 15 வருஷம். இரண்டும் ஒரே தேவனுடைய கிரியைதான். சுந்தர்சிங் 1929ல் மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார், திரும்பி வரவில்லை. அந்த 15 வருஷம் அவர் பொறுக்காமல் தகப்பனை வெறுத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

பிரியமானவர்களே, தறியில் உட்காருகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாவில் ஒரு இழை அறுந்தால் முழுப் பாவையும் வெட்டி எறிகிறோமா? தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடி, முடிச்சுப் போட்டுத்தானே மறுபடி நெய்கிறோம்? பட்டு நூலுக்கே அவ்வளவு பொறுமை என்றால், ஒரு ஆத்துமாவுக்கு எவ்வளவு வேண்டும்!

ஆகவே நிறுத்திவிட்ட அந்தப் பெயரை இந்த வாரம் மறுபடியும் எழுதுங்கள். வீட்டில் குத்திக்காட்டிப் பேசுவதை விடுங்கள். சாப்பாடு போடும்போது முகம் சுளிக்காமல் போடுங்கள். வேதத்தை எரித்த கையையே வேதத்தைச் சுமக்க வைத்த தேவன், உங்கள் வீட்டையும் மறக்கமாட்டார். ஆமென்.