சர்க்கஸ் ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன்

நெய்வேலி நகரியத்தில் ஒரு கோடை விடுமுறையின்பொழுது சர்க்கஸ் கூடாரம் ஒன்று அடிக்கப்பட்டிருந்ததை நாம் காண நேர்ந்தது. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டபின் எழுந்த அந்நகரில் தமிழரோடு மலையாளிகளும் ஆந்திரரும் வடநாட்டவரும் கலந்து வாழ்வது யாவரும் அறிந்ததே. அன்று மாலை சுரங்கத்தில் முறைவேலை முடித்து வந்தோர் தம் மக்களைத் தோள்மீது ஏற்றிக்கொண்டு பலகைப் படிகளில் நெருங்கி அமர்ந்திருந்தனர். உச்சியில் ஊஞ்சலாடிய வாலிபன் ஒருவன் எதிர்ப்புறத்தானுடைய கரங்களைப் பற்றத் தவறி வலையில் வீழ்ந்தான். கூட்டம் மூச்சடங்கிற்று. அவனோ வலையின்மீது பந்துபோல் இருமுறை எழும்பி, மூன்றாம் முறை காற்றிலே ஒரு குட்டிக்கரணமிட்டுத் தரையில் வந்து நின்று கைகூப்பினான். வீழ்ச்சியே வித்தையாயிற்று. காட்சி முடிந்தபின் நாம் கூடாரத்தின் பின்புறம் சென்று அவனைப் பயிற்றிய முதியவரைக் கண்டு வினவினோம். தாம் தலைச்சேரியார் என்றும், தம் ஆசானுக்கு ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்றும் அவர் கூறினார். அப்பெயரைச் சொல்லுகையில் அவர் கை தானாகவே மார்பின்மீது சென்றது. அம்மனிதர் யாவர் என்று அறிந்துகொள்ளவேண்டுமென்னும் ஆவல் அன்று நமக்குண்டாயிற்று.

குஞ்ஞிக்கண்ணன் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவின் தலைச்சேரியிலே பிறந்தவர். கடற்கரையும் கோட்டையும் மிளகு வாணிகமும் உடைய அச்சிற்றூர் மூன்று பொருள்களால் பேர்பெற்றது என்று அவ்வூரார் இன்றும் பெருமை பேசுவர். அவை கிரிக்கெட்டு, கேக்கு, சர்க்கஸ் என்பன. முதலிரண்டும் வெள்ளையர் சுவையைத் தழுவி வந்தவை. மூன்றாவதும் வெளியிலிருந்து வந்ததே எனினும், அதனைத் தன்னதாக்கி நாடெங்கும் திருப்பி அனுப்பிய பெருமை அவ்வூருக்கே உரியது. அதற்குக் காரணமானவர் நம் குஞ்ஞிக்கண்ணன்.

அவர் தலைச்சேரியில் பாஸல் மிஷன் பார்ஸி உயர்நிலைப்பள்ளியில் தேகப்பயிற்சி உபாத்தியாயராக இருந்தார். நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் நடத்திய அந்த மிஷன் தன் பள்ளிகளில் ஏட்டுக் கல்வியோடு உடற்பயிற்சிக்கும் இடமளித்தது. பிள்ளைகள் சிங்கிள் பார் என்றும் டபுள் பார் என்றும் வழங்கும் கம்பிகளில் தொங்கியும் சுழன்றும் செய்யும் மேனாட்டுப் பயிற்சியை அவர் கற்பித்தார். மலபாரின் பழைய களரிப்பயிற்றிலும் அவர் தேர்ந்தவர். எண்ணெயிட்டு உடலை நெகிழச் செய்தல், காலை நெற்றியளவு வீசுதல், குதித்தெழுந்து காற்றிலே திரும்புதல், நெடுங்கோல் வீசுதல் முதலியன களரிப் பிள்ளைக்கு இளமையிலேயே கைவந்தவை. இவ்விரண்டு கல்வியும் ஒரே மனிதரிடத்தில் கூடியிருந்தமையே பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்து என்பது நம் கருத்து.

அக்காலத்தில் இந்தியருடைய சர்க்கஸ் என்பது புதிது. 1879ஆம் ஆண்டில் இத்தாலியரான சியாரினி என்பவர் தம் சர்க்கஸைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். இந்தியர் இத்தகைய சர்க்கஸை நடத்த இன்னும் நெடுங்காலமாகும் என்று அவர் இகழ்ந்ததாகச் சொல்லுவர். குருந்த்வாட் அரசரிடம் குதிரை பழக்குவோராக இருந்த விஷ்ணுபந்த் சத்ரே என்னும் மராட்டியர் அதனை ஏற்று, 1880ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேயே கிரேட் இந்தியன் சர்க்கஸ் என்னும் கம்பெனியை அரங்கேற்றினார். குதிரைவித்தையில் அவருக்குக் குறைவில்லை. ஆனால் கம்பியிலும் கயிற்றிலும் ஆடவல்ல இந்திய ஆட்டக்காரர் போதிய அளவில் கிடைக்கவில்லை. 1880களின் பிற்பகுதியில் அவருடைய கம்பெனி தலைச்சேரிக்கு வந்தபொழுது குஞ்ஞிக்கண்ணன் அவரைச் சந்தித்தார். இளைஞரைப் பயிற்றித் தருவது தம் பொறுப்பு, அவர்களுக்கு வேலையளிப்பது சத்ரேயின் பொறுப்பு என்னும் உடன்பாடு அவ்விருவருக்குள்ளும் ஏற்பட்டது.

இஃது எளிய செயலன்று. பள்ளி உபாத்தியாயர் என்பது ஊரார் மதிக்கும் பதவி. சர்க்கஸ் ஆட்டக்காரன் என்பதோ அந்நாளில் பெற்றோர் நாவெடுக்கக் கூசும் பிழைப்பு. பிள்ளையைக் கேட்டு ஒரு தாயிடம் செல்லும் ஆசான், அவன் எலும்பு முறியாமல் திரும்புவான் என்று உறுதி கூறவேண்டும். அவ்வுறுதியைக் காக்க அவரிடம் இருந்தது தம் பயிற்சி ஒன்றே. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் அவரிடம் வந்தனர்.

1901ஆம் ஆண்டில் அவர் தலைச்சேரியை அடுத்த சிறைக்கரையில் சர்க்கஸ் கல்விக்கென்றே ஒரு சாலை நிறுவினார். இச்சிறைக்கரை கொல்லத்திற்கு அருகிலுள்ளது என்று சிலர் எழுதிவிடுகின்றனர். பெயரொற்றுமையால் நேர்ந்த பிழை அது.

பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சியைச் சர்க்கஸ் வித்தையாக்குவது எங்ஙனம் என்பதைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறோம். களரியின் நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது மரபு. லண்டனில் 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்ட்லி என்பார் குதிரை வட்டமாக ஓடுவதற்கேற்றதெனக் கண்டு நிலைநிறுத்திய சர்க்கஸ் வளையத்தின் குறுக்களவும் 42 அடியே. தற்செயலாக அமைந்த இவ்வொற்றுமை நமக்கு வியப்பளிக்கிறது. களரிப் பிள்ளைக்கு வளையம் புதிய இடமாகத் தோன்றியிராது.

விளையாட்டு மைதானத்திலோ நிலைமை வேறு. கோலூன்றித் தாண்டுவோன் 100 அடிக்கு மேலும் ஓடிவந்து, அவ்வோட்டத்தின் வேகத்தைக் கோலுக்கு ஈகிறான். கோல் வளைந்து, நிமிர்கையில் அவ்வேகத்தை உயரமாகத் திருப்பித் தருகிறது. அவன் கோலைத் தள்ளிவிட்டு மறுபுறம் வீழ்கிறான். 42 அடி வளையத்திற்குள் அத்துணை ஓட்டத்திற்கு இடமேது? ஆதலின் ஓட்டம் தரும் வேகத்தை வேறு வழியில் பெறவேண்டும். ஊஞ்சலின் வீச்சு, தோழனுடைய கரங்களின் உந்தல், ஏற்றப்பலகையின் ஒருமுனையில் இருவர் குதிக்க மறுமுனையில் நிற்பவன் எழும்புதல், இறுக்கிய கயிற்றின் துள்ளல் ஆகிய இவையே அவ்வழிகள். கோலும் இங்கே தன் தொழிலை மாற்றிக்கொள்கிறது. ஒருவன் தோளிலோ நெற்றியிலோ கோலை நிறுத்த, மற்றொருவன் அதன் உச்சியில் ஏறித் தலைகீழாய் நிற்கிறான். கீழே நிற்பவனுடைய கண் மேலிருப்பவனைவிட்டு இமைப்பொழுதும் அகலாது.

இறங்குவதும் அவ்வாறே மாறுபடும். மைதானத்தில் மெத்தை காத்திருக்கிறது. கூடாரத்தில் தோழனுடைய தோளோ வலையோதான். வலையில் வீழ்வோன் முதுகை அகல விரித்து வீழவேண்டும். காலூன்றி வீழ்ந்தால் முழங்காலோ கணுக்காலோ முறிதல் கூடும். ஆதலின் உயரே ஏறுமுன் வீழக் கற்றல் இக்கலையில் இன்றியமையாதது. மேலும், பந்தயத்தில் ஒருநாள் ஒருமுறை வென்றாற் போதும். சர்க்கஸிலோ நாளொன்றுக்கு இரண்டு மூன்று காட்சிகள், மழையென்றும் காய்ச்சலென்றும் பாராமல் ஆண்டு முழுதும் செய்யவேண்டும். நூறுமுறை செய்தால் தொண்ணூறுமுறை முடியும் வித்தை மைதானத்தில் பரிசு பெறும். கூடாரத்தில் அஃது ஆளைக் கொல்லும்.

அவர் மாணவருள் ஒருவரான பரியாளி கண்ணன் 1904ஆம் ஆண்டில் கிராண்ட் மலபார் சர்க்கஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். மலையாளி ஒருவர் நடத்திய முதற் சர்க்கஸ் அதுவே. இரண்டாண்டுகளுக்குள் அது கலைந்தது. ஆயினும் சிறைக்கரைச் சாலை மூடப்படவில்லை. 1920களில் ஒயிட்வே, கிரேட் ரேமான் முதலிய கம்பெனிகள் தலைச்சேரியாரால் எழுந்தன. பின்னர் எழுந்தவை மிகப்பல. கம்பெனியின் முதலாளியாகிப் பொருளீட்டியோர் மாணவர். ஆசான் தம் பயிற்சிச்சாலையிலேயே தங்கினார்.

மாணவருள் கடல்கடந்து புகழெய்தியவர் கண்ணன் பொம்பாயோ. துள்ளுகயிறு என்று சொல்லத்தக்க கயிற்றின்மேல் எழும்பி, காற்றிலே கரணமிட்டு, மீண்டும் அதே கயிற்றில் காலூன்றி நிற்பது அவருடைய வித்தை. 1930களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் ரிங்லிங் சகோதரர் சர்க்கஸிலும் அவர் ஆடினார். கயிற்றில் அவர் செய்ததை, அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஜார்ஜ் நிஸ்ஸன் என்னும் மாணவர் வேறொரு வழியில் தேடிக்கொண்டிருந்தார். ஊஞ்சலாட்டக்காரர் வலையில் வீழ்ந்து துள்ளுவதை 1930ஆம் ஆண்டு சர்க்கஸில் கண்ட அவர், அதனைப்போன்ற துணிச்சட்டம் ஒன்றைத் தம் பயிற்சியாளரோடு சேர்ந்து 1934இல் அமைத்தார். அதுவே டிராம்போலின். அது 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டாகவும் ஆயிற்று. அங்கே சர்க்கஸின் வலை பயிற்சிக்கூடத்திற்குச் சென்றது. தலைச்சேரியிலோ அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்னரே பயிற்சிக்கூடம் சர்க்கஸுக்குள் புகுந்துவிட்டது.

குஞ்ஞிக்கண்ணன் 1939ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய மாணவர் எம். கே. ராமன் ஆசான் பெயராலேயே சிறைக்கரையில் பயிற்சிச்சாலை நடத்தினார். இளமையில் குஞ்ஞிக்கண்ணனிடம் பயின்ற சங்கரன் என்பவர் 1951ஆம் ஆண்டில் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கி, 2023ஆம் ஆண்டுவரை வாழ்ந்திருந்தார். ஒருவருடைய கைப்பழக்கம் ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இன்று அவர் முறையில் ஒரு சாலை நடத்துதல் இயலாது. சிறுவரைச் சர்க்கஸில் ஈடுபடுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வயது முதிராத பிள்ளைகள் பல கூடாரங்களில் பட்ட துன்பத்தை அறிந்தோர் அத்தீர்ப்பைக் குறைகூறார், நாமும் கூறோம். எனினும் ஆறேழு வயதில் வளையும் முதுகு பதினெட்டில் வளையாது என்பதும் உண்மை. கேரள அரசினர் தலைச்சேரியில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய சர்க்கஸ் அகாடமி தழைக்காமற்போனதற்கு இவ்விடரும் ஒரு காரணமாதல் கூடும்.

நம் தென்னார்க்காட்டுச் சிற்றூர்களிலும் கழைக்கூத்தாடிகள் உண்டு. சங்கநூலாகிய குறுந்தொகையிலேயே கயிற்றில் ஆடுவோரைப்பற்றிய குறிப்புக் காணப்படுகிறது. மூங்கிற்கழை நாட்டிக் கயிறு கட்டிச் சிறுமி ஒருத்தி நடக்க, தகப்பன் பறையடித்துக் காசுக்குத் துணி விரிக்கும் காட்சியை நெய்வேலிக்கு அருகிலுள்ள சந்தைகளில் நாமே கண்டிருக்கிறோம். அவள் கயிற்றில் வைத்த அடி கண்ணன் பொம்பாயோவின் அடிக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று. அவளுக்குக் கீழே வலையில்லை; அவளைக் கேட்டுவந்த பள்ளி உபாத்தியாயரும் ஒருவரில்லை.

கூடாரத்து முதியவரிடம் நாம் விடைபெறுகையில், வலையில் வீழ்ந்த அவ்வாலிபன் அடுத்த காட்சிக்காகக் கையில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டிருந்தான். முதியவர் அவனை அழைத்து, முதுகை இன்னும் அகலக் கொடுத்து வீழுமாறு கையால் காட்டிக்கொடுத்தார்.