பள்ளி முற்றத்துக் களைச்செடி

பள்ளியில் படித்த காலத்தில் முழங்கால் சிராய்ந்தால் மூக்குத்திப் பூச்செடியின் இலையைக் கசக்கிச் சாறு விடுவோம். அந்தப் பூ ஒரு பூவல்ல, பல பூக்களின் கூட்டம் என்பது எனக்குக் கல்லூரிச் செய்முறை வகுப்பில்தான் தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அதை மிதித்தே நடந்திருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் அன்னா காம்ஸ்டாக் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன்.

அம்மையார் 1854-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இடையில் நின்றார். அங்கு தமக்கு விலங்கியல் கற்பித்த ஜான் ஹென்றி காம்ஸ்டாக்கை 1878-இல் மணந்து, அவருடைய பூச்சியியல் நூல்களுக்குப் படம் வரைந்தார். விட்ட பட்டத்தை 1885-இல் பெற்றார்.

1890-களில் அங்கே விவசாயம் நொடித்தது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி நகரத்திற்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு மண்ணில் பற்று உண்டாகத் தொடக்கப் பள்ளியிலேயே இயற்கைப் பாடம் வேண்டும் என்று சிலர் கருதினர். (பற்று வந்தால் கடன் தீருமா என்று என் தந்தையார் கேட்பார், அது வேறு பேச்சு.) ஆனால் கற்பிக்க வேண்டிய ஆசிரியர்களில் பலர் அறிவியல் பயிலாதவர்கள்.

அவர்களுக்காகவே அம்மையார் எழுதினார். அரிய செடி எதையும் தேடச் சொல்லவில்லை. புல்தரையில் களையாக முளைக்கும் டேன்டிலயன் போதும். அதுவும் நம் மூக்குத்திப் பூவின் குடும்பமே. மாலையில் பூ என்ன ஆகிறது, விதை எப்படிப் பறக்கிறது என்று கேள்விகள் இருக்கும். விடையைக் குழந்தை செடியிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூச்சமின்றிச் சொல்லலாம் என்றும் எழுதினார். எனக்குப் பாடம் சொன்ன ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் நான் சில அடிகளுக்குத் தப்பியிருப்பேன்!

1899-இல் கார்னெல் அவரை உதவிப் பேராசிரியராக்கியது. பெண்ணுக்கு அப்பதவியா என்று அறங்காவலர்கள் மறுக்கவே, விரிவுரையாளராக இறக்கப்பட்டார். அவர் வகுப்பை விடவில்லை. 1911-இல் 900 பக்கங்களுக்கு மேற்பட்ட இயற்கைப் பாடக் கையேட்டை வெளியிட்டார். நட்டம்தான் வரும் என்று கணவரே அஞ்சிய அந்நூல் பல பதிப்புகள் கண்டது. முழுப் பேராசிரியர் பதவி 1920-இல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1930-இல் மறைந்தார்.

சென்ற விடுமுறையில் என் அக்காள் மகளுக்கு ஒரு மூக்குத்திப் பூவைப் பிரித்துக் காட்டினேன். ஓரத்துப் பூவுக்கு மட்டும் ஏன் மாமா வேறு உருவம் என்றாள். எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றேன். அவள் இன்னும் நான்கு பூக்களைப் பறித்து வந்தாள்.