ஹாக்கி மாவீரர் மேஜர் தியான் சந்த்

பரிசளிப்பு நாளில் கணக்கிலும் மொழியிலும் முதலாவதாக வந்த பிள்ளைகளோடு, ஓட்டத்திலும் பந்தாட்டத்திலும் முதலாவதாக வந்த பிள்ளைகளும் மேடை ஏறுகிறார்கள். விளையாட்டு சோறு போடுமா என்று கேட்காத தகப்பன் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உண்டா? காலையில் பால் வெட்டி வந்து களைத்து உட்காரும்போது, பையன் மட்டையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு ஓடினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இதே கவலை, உலகமே கொண்டாடிய ஒரு ஹாக்கி வீரருக்கும் தம் சொந்தப் பிள்ளைகளைப் பற்றி இருந்தது என்றால் நம்புவீர்களா?

அவர்தான் தியான் சந்த். 1905 ஆகஸ்டு 29-ல் அலகாபாத்தில் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்துச் சிப்பாய். நம் தாத்தா பாட்டிமார் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்களே, அதுபோல அந்தக் குடும்பமும் மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் மூட்டை கட்டியது. அதனால் பையன் படித்தது ஆறே வருஷம். நம் தமிழ்ப்பள்ளிப் படிப்பின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஜான்சி ஊரில் குடியேறினார்கள். சிறு வயதில் அவருக்குக் குஸ்தியில்தான் ஆசை. ஹாக்கியைப் பெரிதாக நினைக்கவில்லை.

1922-ல் அவரும் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர் அவர் கையில் மட்டையைக் கொடுத்துப் பழக்கினார். பகலெல்லாம் பட்டாள வேலை. வேலை முடிந்த பிறகு, நிலா வெளிச்சத்தில் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாராம். தியான் சிங் என்ற அவர் பெயரோடு, நிலா என்று பொருள்படும் சந்த் ஒட்டிக்கொண்டது இப்படித்தான் என்பார்கள்.

1926-ல் இந்தியப் பட்டாளக் குழு நியூசிலாந்துக்குப் போயிற்று. 21 ஆட்டங்களில் 18 வெற்றி. திரும்பி வந்த சிப்பாய்க்குக் கிடைத்த பரிசு, லான்ஸ் நாயக் என்ற ஒரே ஒரு படி உயர்வு!

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் போட்டது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த 29-ல் 14 தியான் சந்த் அடித்தவை. இறுதி ஆட்டத்தன்று அவருக்குக் காய்ச்சல். அப்படியும் இறங்கி ஆடினார். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ். அமெரிக்காவை 24-க்கு 1 என்று தோற்கடித்தார்கள். தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆண்டு ஹாக்கிக்கு வந்தவை மூன்றே நாடுகள். ஆகவே அந்த 24-ஐவிட அடுத்த ஒலிம்பிக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அது 1936, பெர்லின். இந்த முறை தியான் சந்த் குழுத் தலைவர். போய் இறங்கியதும் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-க்கு 1 என்று தோற்றுப்போனார்கள். தலைவருக்குத் தூக்கம் எப்படி வரும்? இறுதி ஆட்டமும் அதே ஜெர்மனியோடுதான். ஆகஸ்டு 14-ல் நடக்கவேண்டியது, மழையால் 15-க்குத் தள்ளிப்போயிற்று. களமிறங்குமுன் உடைமாற்றும் அறையில், வெள்ளைக்காரன் கொடியை விட்டுவிட்டு, காங்கிரசின் மூவர்ணக் கொடியை விரித்து எல்லாரும் வணங்கினார்கள். ஆடப்போவது பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில். தலைவரோ பிரிட்டிஷ் பட்டாளத்தில் சம்பளம் வாங்குகிறவர். அந்த வணக்கத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள்!

தரை ஈரம், சறுக்கல். பாதி ஆட்டம் வரை ஒரே ஒரு கோல்தான். பிறகு தியான் சந்த் ஆணி வைத்த காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். ஜெர்மன் கோல் காவலர் மோதியதில் அவருக்குப் பல் ஒன்று போயிற்று. வெளியே போய் மருந்து வைத்துக்கொண்டு மறுபடி வந்தார். முடிவு 8-க்கு 1. அதே ஆகஸ்டு 15, பதினோரு வருஷம் கழித்து இந்தியாவின் சுதந்திர நாளாயிற்று.

ஹிட்லர் அவருக்குப் பட்டாளத்தில் பெரிய பதவி தருவதாக அழைத்தான் என்று ஒரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்று கிடையாது. மட்டையில் காந்தம் ஒளிந்திருக்கிறதா என்று உடைத்துப் பார்த்த கதையும் அப்படித்தான். பிள்ளைகள் ரசிக்கலாம், ஆனால் சரித்திரம் என்று எழுதிவைக்க வேண்டாம்.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது. பிறகு பயிற்சியாளர் வேலை. பட்டியாலாவில் 1961-ல் திறந்த தேசிய விளையாட்டுக் கழகத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்றுநராக இருந்தார். ஆட்டக்காரராக இருந்தபோதே, தாமே கோல் போடக்கூடிய இடத்திலிருந்தும் பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் வாத்தியாராக வந்தால் மாணவர்களுக்கு அதிர்ஷ்டம்தானே!

ஆனால் வீட்டில் பெரிய குடும்பம், வருமானமோ சொற்பம். தங்கப் பதக்கத்தைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியுமா? பிள்ளைகள் ஹாக்கி ஆடுவதை அவர் விரும்பவில்லை. இதில் பிழைப்பு இல்லை என்று தடுத்தார். மகன் அசோக் குமார் கேட்கவில்லை.

அந்த மகனை நம் நாடே பார்த்தது. 1975 மார்ச், கோலாலம்பூரில் உலகக் கிண்ணப் போட்டி. அரையிறுதியில் நம் மலேசியக் குழு 2-க்கு 1 என்று முன்னால் நின்று, கடைசியில் 3-க்கு 2 என்று இந்தியாவிடம் தோற்ற வேதனையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 15-ல் மெர்டேக்கா அரங்கில் இறுதி ஆட்டம், இந்தியாவும் பாகிஸ்தானும். ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக நின்றபோது அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் மூலையில் பட்டுத் தெறித்து வெளியே வந்துவிட்டது. கோல் இல்லை என்று பாகிஸ்தானியர் வாதாடினார்கள். கோல்தான் என்று தீர்ப்புச் சொன்னவர் நம் நாட்டு நடுவர் ஜி. விஜயநாதன். இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றது. தகப்பன் வேண்டாம் என்று தடுத்த ஆட்டம்!

1979 டிசம்பர் 3-ல் டில்லி அகில இந்திய மருத்துவக் கழக மருத்துவமனையின் பொது வார்டில் ஈரல் புற்றுநோயால் தியான் சந்த் காலமானார். அதற்கப்புறம் வந்தது மரியாதை: தபால்தலை, டில்லி அரங்கத்துக்கு அவர் பெயர், 2021-ல் இந்தியாவின் மிக உயர்ந்த விளையாட்டு விருதுக்கும் அவர் பெயர். பிறந்த நாளான ஆகஸ்டு 29 அங்கே தேசிய விளையாட்டு நாள். உடலை ஜான்சிக்குக் கொண்டுபோனார்கள். சுடுகாட்டில் அல்ல, ஜான்சி ஹீரோஸ் குழுவின் ஹாக்கித் திடலிலேயே சிதை மூட்டினார்கள்.