வெள்ளி இரயில் விட்ட வேந்தர்

காலித் தீப்பெட்டிகளை நூலில் கோத்து இரயில் விட்டு விளையாடாத பிள்ளைகள் நம் ஊர்ப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்க முடியும்? வளவின் வழவழப்பான தளத்தில், தூண்களைச் சுற்றி, தீப்பெட்டி இரயில் வளைந்து வளைந்து ஓடும். வாயாலேயே கூவி, வாயாலேயே புகையும் விடுவோம். பெரியவர்கள் வந்து அதட்டினால் இரயில் நடுவழியில் நின்றுவிடும். பிறகு வயது ஏறுகிறது. தீப்பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. ஆசையும் அவற்றோடு போய்விடுகிறது.

அந்த ஆசை போகாமலே வளர்ந்த ஒரு மனிதர் இருந்தார். அவர் சாதாரண மனிதரும் அல்லர், ஓர் அரசர். அவர் விளையாடிய இரயில் வெள்ளியால் ஆனது. அதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. விளையாட்டை அரண்மனைக்கு உள்ளேயும் வைத்துக்கொண்டார். அரண்மனைக்கு வெளியே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் மக்களுக்காகவும் ஓடவிட்டார். அவர்தாம் குவாலியர் மன்னர் இரண்டாம் மாதவராவ் சிந்தியா.

இளமையும் அரியணையும்

மாதவராவ் 1876ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஜயாஜிராவ் சிந்தியா. ஜயவிலாஸ் அரண்மனையை 1874இல் கட்டி முடித்தவர் அவரே. அந்த அரண்மனையின் தர்பார் மண்டபத்தில் தொங்கும் சரவிளக்குகள் ஒவ்வொன்றும் மூன்றரை டன் எடையுள்ளவை. கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று அறிய, யானைகளை மேலே ஏற்றி நடக்கவிட்டுப் பார்த்தார்களாம்!

இரயிலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் உள்ள உறவு தந்தையார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆக்ராவிலிருந்து குவாலியருக்கு இரயில் பாதை போட ஜயாஜிராவ் எழுபத்தைந்து இலட்சம் ரூபாய் கடனாகக் கொடுத்தார். அந்தப் பாதை 1881இல் குவாலியரை எட்டியது. அப்பொழுது மாதவராவ் ஐந்து வயதுகூட நிரம்பாத சிறுவர். நீராவி எஞ்சினும் அவரும் ஏறக்குறைய ஒன்றாகவே குவாலியரில் வளர்ந்தார்கள் எனலாம்.

1886இல் தந்தையார் மறைந்தார். பத்து வயது நிரம்பாத பிள்ளை அரசரானார். ஆட்சிக் குழு ஒன்று அவர் பெயரால் நாட்டை நிருவகித்தது. 1894இல், பதினெட்டு வயதில், முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. கையில் பெருஞ்செல்வம், கேட்பாரற்ற நிலை, இளம் வயது! இவை மூன்றும் ஒன்று சேர்ந்தால் பெரும்பாலும் என்ன நேரும் என்பதை வரலாறு படிக்கும் மாணவர்கள் அறிவார்கள். மாதவராவ் வேறு வழியில் நடந்தார்.

அரண்மனையில் தொடங்கிய பாதை

அவருடைய முதல் இரயில் அரண்மனை வளாகத்துக்குள் ஓடியது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் இரண்டடி, அதாவது 610 மில்லிமீட்டர். காரைக்குடிக்கு 1930இல் வந்த மீட்டர் பாதை 1000 மில்லிமீட்டர் அகலமுடையது. இன்று நாம் காணும் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். இவற்றோடு ஒப்பிட்டால் குவாலியர் இரயில் குழந்தை இரயிலே. அரசர் தம் பொழுதுபோக்குக்காகத்தான் அதை வைத்திருந்தார்.

ஆனால் குறுகிய பாதைக்கு ஒரு நன்மை உண்டு. அதற்கு நிலம் குறைவாகப் போதும், இரும்பு குறைவாகப் போதும், வளைவுகளில் எளிதாகத் திரும்பும், செலவும் குறைவு. பெரிய கம்பெனிகள் இலாபம் இல்லை என்று ஒதுக்கிய வறண்ட ஊர்களுக்கும் அந்தப் பாதையைக் கொண்டுபோக முடியும். அரண்மனைத் தோட்டத்தில் ஓடுவது ஊருக்குள் ஏன் ஓடக்கூடாது? அந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததே குவாலியர் இலகு இரயில்வே.

1899இல் வைசிராய் கர்சன் பிரபு பிந்து நகருக்குச் செல்லும் பாதையைத் திறந்துவைத்தார். சிவபுரிக்கு ஒரு பாதை சென்றது. மேற்கே சென்ற பாதை 1904இல் சபல்கரை எட்டியது. 1909இல் ஷியோப்பூரில் முடிந்தது. குவாலியரிலிருந்து ஷியோப்பூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். இரண்டடிப் பாதையில் உலகின் மிக நீண்ட வழித்தடங்களுள் ஒன்று என்று அது பெயர் பெற்றது.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1899, 1900ஆம் ஆண்டுகள் மேற்கிந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் கொடும் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகள். தானியம் ஓரிடத்தில் இருக்கும். பசி வேறோரிடத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் உயிர்கள் போய்விடும். அத்தகைய காலத்தில் ஒரு சிறிய இரயில் பாதை எவ்வளவு பெரிய செய்தி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்து மேசையில் ஓடிய இரயில்

இனி, அவருடைய பெயரை உலகெங்கும் பரப்பிய அந்த வெள்ளி இரயிலுக்கு வருவோம்.

நம் செட்டிநாட்டுத் திருமண வீடுகளில் பந்தி நடக்கும்போது பரிமாறுவோர் இலைக்கு இலை ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். குவாலியர் அரண்மனை விருந்தில் அந்த வேலையின் ஒரு பகுதியை இரயில் செய்தது. நீண்ட மேசையின் மேல் தண்டவாளம் சுற்றிவரப் போடப்பட்டிருந்தது. இங்கிலாந்து நாட்டு நார்தாம்டன் நகரில் மாதிரி இரயில்கள் செய்து புகழ்பெற்ற பாஸெட்-லோக் நிறுவனம் 1906இல் இதைச் செய்துகொடுத்தது. எஞ்சின் வெள்ளி, பெட்டிகளும் வெள்ளி. பெட்டிகளின் மேல் கண்ணாடிச் சாடிகள். விருந்து முடிந்ததும் மதுவையும் சுருட்டையும் சுமந்துகொண்டு இரயில் ஒவ்வொரு விருந்தினர் முன்பாகவும் மெல்ல ஊர்ந்து வரும்.

ஒருவர் சாடியைக் கையில் எடுத்தால் இரயில் தானே நின்றுவிடும். சாடியைத் திரும்ப வைத்தால் மீண்டும் புறப்படும். இதில் மாயம் ஒன்றுமில்லை. மின்சாரம் ஒரு வட்டமாக ஓடினால்தான் மோட்டார் சுழலும். வட்டம் ஓரிடத்தில் அறுந்தால் நின்றுவிடும். சாடியின் எடையே இங்கு விசையாக வேலை செய்தது. நம் பௌதிகச் சோதனைக்கூடத்தில் மணியும் பாட்டரியும் வைத்துச் செய்துபார்க்கும் அதே பாடம்தான். குவாலியரில் அது வெள்ளிப் பூச்சூட்டிக்கொண்டு வந்தது!

வைசிராய் ஒருவருக்கு அளித்த விருந்தில் மின்கருவி பழுதாகி, இரயில் கட்டுக்கடங்காமல் ஓடி, விருந்தினர்களின் ஆடைகளையெல்லாம் நனைத்துவிட்டது என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதையில் எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்பது இருக்கட்டும். பேரரசின் பிரதிநிதி ஒரு பொம்மை இரயிலிடம் தோற்றுப்போனார் என்று சொல்லிச் சிரிப்பதில் நம்மவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியை அந்தக் கதை காட்டுகிறது.

அமெரிக்காவில் அதே ஆண்டுகள்

குவாலியரில் அரசர் ஒருவர் மாதிரி இரயிலில் மனத்தைப் பறிகொடுத்த அதே காலத்தில், அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞரும் அதில் ஈடுபட்டிருந்தார். குடியேறி வந்த யூதக் குடும்பத்தில் 1877இல் பிறந்தவர். மாதவராவைவிட ஒரு வயது இளையவர். 1900இல் லயனல் என்ற தொழிலகத்தைத் தொடங்கினார். கடைச் சன்னலில் பொருள்களை வைத்துக் காட்டுவதற்காக மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். கடைக்கு வந்தவர்கள் உள்ளே இருந்த பொருளை விட்டுவிட்டு வண்டியை விலைக்குக் கேட்டார்கள்! அன்று தொடங்கிய தொழில், அமெரிக்க இரயில் கம்பெனிகளின் எஞ்சின்களை அச்சு அசலாகச் சிறிய அளவில் செய்து, அந்நாட்டுச் சிறுவர்கள் பலரின் வீட்டுக் கூடங்களில் ஓடவிட்டது. இன்றும் அந்நாட்டில் பழைய லயனல் வண்டிகளைத் தேடிச் சேர்ப்பவர்களும், நிலக்கீழ் அறைகளில் மலையும் பாலமும் ஊரும் அமைத்து இரயில் விடுபவர்களும் இருக்கிறார்கள்.

அங்கே தொழிலாளியின் மகனும் கிறிஸ்துமஸ் நாளில் ஓர் இரயிலுக்கு ஆசைப்படலாம். இங்கே அது ஓர் அரசருக்கு மட்டுமே வாய்த்தது. மேசையைச் சுற்றி ஓடிய வெள்ளிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? சம்பல் பள்ளத்தாக்கில் வெயிலில் உழுத குடியானவர்களே அன்றோ! இந்தக் கேள்வியை மறைத்துவிட்டு மாதவராவைப் புகழ்வது வரலாறு ஆகாது. அவர் ஆங்கிலப் பேரரசுக்கு மிக வேண்டியவராகவும் இருந்தார். 1900இல் சீனத்துப் போருக்கு மருத்துவக் கப்பல் ஒன்றைத் தம் செலவில் அனுப்பித் தாமும் சென்றார். தம் மக்களுக்கு ஜார்ஜ், மேரி என்று ஆங்கில அரசர் அரசியின் பெயர்களையும் சேர்த்து வைத்தார். நாட்டு விடுதலையை விரும்பியவர்களுக்கு இவை இனித்திருக்க மாட்டா.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

இரும்புக்குக் கொடுத்த கடன்

1907இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் தோன்றியது. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கனவு அது. அவர் 1904இலேயே காலமாகிவிட்டார். இடம் தேடவும் ஆலை அமைக்கவும் சார்லஸ் பேஜ் பெரின் முதலிய அமெரிக்கப் பொறியாளர்கள் வந்தார்கள். இலண்டன் பணச் சந்தை கைவிரித்தது. இந்திய மக்களே பங்குகளை வாங்கினார்கள். பிறகு நடைமுறைச் செலவுக்கு மேலும் நான்கு இலட்சம் பவுன் தேவைப்பட்டது. அந்தக் கடன் பத்திரங்கள் முழுவதையும் ஒருவரே வாங்கிக்கொண்டார். அவர் குவாலியர் மன்னர் மாதவராவ்.

1912இல் அந்த ஆலையில் எஃகு வார்க்கப்பட்டது. முதல் உலகப்போரின்போது மெசபொடேமியா முதலிய இடங்களில் போடப்பட்ட சுமார் 1500 மைல் தண்டவாளம் அங்கிருந்து சென்றது. இந்தியனால் தண்டவாளம் செய்ய முடியுமா என்று ஏளனம் செய்தவர்களே அதை வாங்க வேண்டி வந்தது. மேசையின் மேல் வெள்ளித் தண்டவாளம் போட்டவரின் பணம் நாட்டின் எஃகுத் தண்டவாளத்துக்கும் அடியில் கிடந்தது! அவருடைய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய செயல் வேறில்லை என்பது என் கருத்து.

இவை தவிர, 1897இல் அவர் தொடங்கிய சர்தார் பள்ளியே பின்னாளில் சிந்தியா பள்ளியாகக் குவாலியர்க் கோட்டையில் புகழ்பெற்றது. 1916இல் டிக்ரா நீர்த்தேக்கம் அமைந்தது. 1921இல் பிர்லாக்களின் பருத்தி ஆலை அவர் ஆதரவோடு குவாலியரில் எழுந்தது.

மறைவும் மிச்சமும்

1925ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், பாரிஸ் நகரில், நாற்பத்தெட்டாம் வயதில் மாதவராவ் மறைந்தார். அவர் நினைவு மண்டபம் சிவபுரியில், அன்னையாரின் நினைவு மண்டபத்துக்கு எதிரே, வெண்சலவைக் கல்லில் நிற்கிறது. இரயில் மீது காதல் கொண்டவர், தம் இரயில் சென்ற ஊரிலேயே நினைவாக நிலைத்துவிட்டார்.

வெள்ளி இரயில் இன்றும் இருக்கிறது. 1964இல் அரண்மனையின் ஒரு பகுதி அருங்காட்சியகமாயிற்று. அதன் உணவுக் கூடத்து மேசையில் அதைக் காணலாம். சுற்றுலா செல்வோர் வியந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

மக்கள் இரயிலின் கதை வேறு. நாடு விடுதலை பெற்றபின் அது மத்திய இரயில்வேயோடு இணைந்தது. பிந்து, சிவபுரிக் குறும்பாதைகள் காலப்போக்கில் மறைந்தன. ஷியோப்பூர் வண்டி மட்டும் 2020 வரை ஓடியது. பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். பெட்டிக்குள் இடமில்லாமல் கூரைமேலும் மக்கள் அமர்ந்து சென்றார்கள். சந்தைக்குப் போனவர்கள், பெண் கொடுத்த ஊருக்குப் போனவர்கள், பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் என்று நூறாண்டுகளுக்கு மேல் அது சுமந்த உயிர்களுக்குக் கணக்கேது? பிறகு அகலப் பாதையாக மாற்றும் பணிக்காக அது நிறுத்தப்பட்டது. அரண்மனை இரயில் பழுதுபடாமல் இருக்கிறது. மக்கள் இரயில் தேய்ந்து மறைந்தது. எது பயன்பட்டதோ அது தேயும். அதுதான் அதன் பெருமை.

நம் ஊரை நினைத்தாலும் இவ்வுண்மை விளங்கும். வள்ளல் அழகப்பருக்கு விமானம் ஓட்டுவதில் ஆசை இருந்தது. அதற்குப் பயிற்சியும் பெற்றார். விமானப் போக்குவரத்துக் கம்பெனியும் நடத்தினார். ஆனால் அவர் விமானத்துக்காகவா இன்று நினைக்கப்படுகிறார்? மின்வேதியியல் ஆய்வகத்துக்கு முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் தந்ததற்காகவும், கல்லூரிகளை எழுப்பியதற்காகவும் அன்றோ நினைக்கப்படுகிறார்!

விளையாட்டு ஆசை குற்றமன்று. அது வீட்டு வாசற்படியைத் தாண்டுகிறதா என்பதே கேள்வி. நாம் அரசர்கள் அல்லர். நம்மிடம் வெள்ளியும் இல்லை. ஆனால் தீப்பெட்டி இரயில் விட்ட அந்த ஆசை நம் ஒவ்வொருவரிடமும் எங்கோ ஒரு மூலையில் நின்றுகொண்டிருக்கிறது. அதற்கு யாராவது பச்சைக்கொடி காட்ட வேண்டும். நண்பர்களே, அந்தக் கொடி நம் கையில்தான் இருக்கிறது!